‘வருந்துகிறோம்’ என்று தொடங்கும் கடிதம்: ஆய்விதழ் ஆசிரியரும் ஆய்வாளரும்

1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் பெர்னூலி எண்களின் பண்புகளைப் பற்றி 17 பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர் சீனிவாச ராமானுஜன். வயது 23. பட்டம் கிடையாது, நிலையான வேலை கிடையாது. அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அது. கதையின் இந்தப் பாதி தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். மறுபாதி அந்த இதழின் ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்காருடையது. பெங்களூரு மத்தியக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ராமானுஜனின் கையெழுத்துப் படியை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருப்பி அனுப்பினார். ராமானுஜனின் வழிகள் புதியவை, மிகச் சுருக்கமானவை, சொல்லும் முறையில் தெளிவு போதவில்லை, இப்படியே அச்சிட்டால் சாதாரணக் கணித வாசகரால் பின்தொடர முடியாது என்பதே அவர் கண்ட குறை. படிகளை விரித்து எழுதி, மறுபடி அனுப்பி, மறுபடி திரும்பி வந்து, கடைசியில்தான் கட்டுரை அச்சேறியது.

இதை ‘மேதையைப் புரிந்துகொள்ளாத ஆசிரியர்’ என்று சொல்வது சுலபம். நான் அப்படி வாசிப்பதில்லை. தனக்குப் பிடிபடாத ஒன்றைக் குப்பைக் கூடையில் போடாமல், எங்கே பிடிபடவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய ஆசிரியர் அவர். கோபித்துக்கொண்டு விலகாமல், வாசகருக்காகத் திருத்தி எழுதிய ஆய்வாளர் ராமானுஜன். நூறாண்டுக்கும் மேலாகியும் ஆய்விதழ் உலகம் நல்லபடி நடக்கும் இடங்களில் இந்த ஒரு பரிமாற்றம்தான் நடக்கிறது. கெட்டுப்போகும் இடங்களிலோ இரு தரப்பும் ஒரே கடிதத்தை வெவ்வேறு பொருளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பல ஆண்டுகள் கட்டுரை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பக்கத்தில் இருந்தேன். பிறகு சில ஆண்டுகள் ஒரு சிறிய ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் வேலை பார்த்தேன். நாற்காலி மாறியதும் முதலில் உறைத்தது, எதிர்ப்பக்கத்தைப் பற்றி நான் நம்பியிருந்தவற்றில் பாதி பொய் என்பதுதான்.

கட்டுரை போய்ச் சேர்ந்த பிறகு

ஆய்விதழ் ஆசிரியர் என்றதும் பெரிய அலுவலகத்தில் முழுநேரமாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர் என்ற படம் ஆய்வு மாணவர்கள் மனத்தில் இருக்கிறது. சில பெரிய வணிக இதழ்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. பெரும்பாலான இதழ்களில் ஆசிரியர் என்பவர் இன்னொரு பேராசிரியர். அவருக்கு வகுப்பு உண்டு, விடைத்தாள் உண்டு, தன் சொந்த மாணவர்களின் ஆய்வேடு உண்டு. மீதமிருக்கும் மாலை நேரத்தில்தான் உங்கள் கட்டுரையைத் திறக்கிறார்.

கட்டுரை இணையத்தில் ஏறியதும், பிற நூல்களிலிருந்து எடுத்த வரிகள் எவ்வளவு என்று ஒரு மென்பொருள் பார்க்கும். பிறகு ஆசிரியர் தலைப்பு, சுருக்கம், படங்கள், முடிவுரை என்ற வரிசையில் ஓட்டமாகப் படிப்பார். அந்தக் கட்டத்தில் அவர் மனத்தில் இருக்கும் கேள்வி ‘இது சரியா’ என்பதைவிட ‘இது எங்கள் வாசகருக்கு உரியதா’ என்பதே. தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் வயல்களில் துத்தநாகக் குறைபாட்டைப் பற்றி ஒருவர் அருமையாக எழுதியிருக்கலாம். அதைத் தாவர மூலக்கூற்று உயிரியல் இதழுக்கு அனுப்பினால் இரண்டு நாளில் திரும்பி வரும். மண்ணியல் இதழுக்கோ வேளாண்மை இதழுக்கோ அனுப்பியிருந்தால் மதிப்பீட்டாளர் கைக்கு, அதாவது கட்டுரையைப் படித்துக் குறை நிறை சொல்லும் அதே துறை வல்லுநர் கைக்கு, போயிருக்கும். இரண்டு நாளில் திரும்பி வந்த கட்டுரையைப் பார்த்து, ‘படிக்கவே இல்லை, இந்தியா என்றதும் தூக்கிப் போட்டுவிட்டார்கள்’ என்று மாணவர் நினைக்கிறார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் பெரும்பாலான நேரம் அது வீடு மாறிப் போன தபால்.

அடுத்த கட்டம்தான் யாருக்கும் தெரியாத நரகம்: மதிப்பீட்டாளரைத் தேடுவது. ஒரு கட்டுரைக்கு இரண்டு பேர் வேண்டும். இருவர் சம்மதிக்க நான் ஆறு, ஏழு பேருக்கு எழுதியிருக்கிறேன். சிலர் பதிலே போட மாட்டார்கள். சிலர் ‘மூன்று வாரம்’ என்று சம்மதித்துவிட்டு மூன்று மாதம் மறைந்துபோவார்கள். மதிப்பீட்டுப் பணிகளைத் தொகுத்துவந்த பப்ளான்ஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, உலகின் மதிப்பீடுகளில் சுமார் பாதியை 10 சதவீத மதிப்பீட்டாளர்களே செய்கிறார்கள் என்றது. 2020இல் மட்டும் உலகம் முழுக்க மதிப்பீட்டுக்காகச் செலவான நேரம் 10 கோடி மணி நேரத்துக்கும் மேல் என்று இன்னொரு ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் ஊதியமே இல்லாத உழைப்பு இது.

இந்த நேரமெல்லாம் மாணவரின் கணினித் திரையில் ‘அண்டர் ரிவ்யூ’ (மதிப்பீட்டில் இருக்கிறது) என்ற ஒரே சொல் நிற்கும். யாரோ ஒருவர் கட்டுரையை மேசையில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே இழுத்தடிப்பதாக அவர் நினைப்பார். உண்மையில் அதை யாருமே இன்னும் ஏற்றுக்கொள்ளாமல் இருக்கலாம். ஆசிரியர் தரப்பின் பெரிய குற்றம் இங்கே இருக்கிறது. ‘இன்னும் மதிப்பீட்டாளர் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று ஆறாவது வாரத்தில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதுவதில்லை. நானும் பல முறை எழுதவில்லை. ஆய்வு உதவித்தொகை எப்போது முடியும் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிது என்பதை எதிர்ப்பக்கத்துக்குப் போனதும் நானே மறந்துவிட்டேன். மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: இதழ் தன் இணையதளத்தில் குறிப்பிட்டிருக்கும் சராசரிக் காலம் கடந்த பிறகு, கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு, நிலை என்ன என்று கேட்டு எழுதுவது தவறே இல்லை. அதனால் கோபப்பட்டு நிராகரித்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இதழ்களுக்கு அனுப்புவதை ஆசிரியர்கள் ஏன் அவ்வளவு பெரிய குற்றமாகப் பார்க்கிறார்கள் என்பதும் இங்கேதான் விளங்கும். தமிழ் வார இதழ்களுக்குக் கதை அனுப்பியவர்களுக்கு இந்த விதி புதிதல்ல. போதிய தபால் தலை ஒட்டிய, சுயவிலாசமிட்ட உறையோடு அனுப்பி, பதில் வரும்வரை வேறு பத்திரிகைக்கு அனுப்பாமல் காத்திருந்த தலைமுறை நம்முடையது. அங்கே வீணாவது ஒரு உதவி ஆசிரியரின் அரை மணி நேரம். இங்கே வீணாவது, தேடிக் கண்டுபிடித்த இரண்டு பேர் இலவசமாகக் கொடுத்த இரண்டு முழு நாள். ஆறு மாதம் மௌனம் காக்கும் இதழ் இந்த விதியை மாணவரிடம் கண்டிப்பாகக் கேட்பதில் நியாயக் குறைவு இருக்கிறது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

கடிதத்தில் எழுதியிருப்பது என்ன?

உயிரணுக்கள் உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டறிந்தார். இன்று மேல்நிலைப் பள்ளி உயிரியலில் கிரெப்ஸ் சுழற்சி என்று படிக்கிறோம். 1937இல் அதைச் சிறு குறிப்பாக ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. 1953இல் அதே கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது. ‘நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பையே நிராகரித்தார்கள்’ என்று இதை ஆறுதலுக்காக அடிக்கடி சொல்கிறோம். அந்தக் கடிதத்தில் உண்மையில் இருந்தது வேறு. ஏழு எட்டு வாரங்களுக்குப் போதுமான குறிப்புகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, தாமதம் பரவாயில்லை என்றால் நெரிசல் குறையும்வரை வைத்திருக்கத் தயார், விரைவாக வெளியிட விரும்பினால் வேறு இதழுக்கு அனுப்ப வசதியாக இப்போது திருப்பி அனுப்புகிறோம் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். கண்டுபிடிப்பின் தரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கிரெப்ஸ் கட்டுரையை ‘என்சைமோலோஜியா’ என்ற இதழுக்கு அனுப்பி அதே ஆண்டில் வெளியிட்டுவிட்டார்.

ஆசிரியர் இடப் பற்றாக்குறையைச் சொன்னார், உலகம் அதை மதிப்பீடாகப் படித்தது. இந்தக் கோளாறு இன்றும் நாள்தோறும் நடக்கிறது. ‘இப்போதைய வடிவில் ஏற்க இயலாது’ என்றால் ‘வடிவம் மாறினால் பார்க்கலாம்’ என்று பொருள். அதைப் படித்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று கட்டுரையை அலமாரியில் பூட்டிய மாணவர்களை எனக்குத் தெரியும். ‘மேஜர் ரிவிஷன்’ (பெரிய திருத்தம் தேவை) என்ற கடிதம் நான்கு பக்கத்துக்குக் குறைகளை அடுக்கும். அது ஒரு நல்ல செய்தி என்று யாராவது சொல்லித்தந்தால் ஒழியத் தெரியாது. நான்கு பக்கம் எழுத ஒருவர் தன் நேரத்தைக் கொடுத்திருக்கிறார் என்பதே அதன் பொருள். ஆசிரியர்கள் மரியாதைக்காகச் சுற்றி வளைத்து எழுதுகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அந்த வளைவுகளுக்குள் இருக்கும் பொருளைப் பிடித்துக்கொள்வார்கள். திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து எழுதுபவர் சொற்களை உள்ளபடியே எடுத்துக்கொள்வார். ‘நீங்கள் விரும்பினால் இந்தச் சோதனையைச் சேர்க்கலாம்’ என்று வந்ததை விருப்பம் என்றே நம்பி, சேர்க்காமல் அனுப்பி, நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு. ‘இது கட்டாயம்’ என்று நேராக எழுதுவதால் ஆசிரியரின் மரியாதை குறைந்துபோகாது.

எதிர்த் திசையிலும் ஒரு கதை உண்டு. 1936இல் ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும் ஈர்ப்பு அலைகளே கிடையாது என்று முடிவுகட்டும் ஒரு கட்டுரையை அமெரிக்காவின் ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழுக்கு அனுப்பினார்கள். அதன் ஆசிரியர் ஜான் டேட் அதை வெளி மதிப்பீட்டாளர் ஒருவருக்கு அனுப்பி, அவர் எழுதிய நீண்ட குறிப்போடு திருப்பினார். ஐன்ஸ்டைனுக்குக் கடும் கோபம். அச்சாவதற்கு முன்னால் வல்லுநர்களிடம் காட்ட நாங்கள் உங்களுக்கு அனுமதி தரவில்லை, வேறு இடத்தில் வெளியிட்டுக்கொள்கிறேன் என்று பதில் எழுதினார். அவர் பழகிய ஜெர்மன் இதழ்களில் வெளி மதிப்பீடு வழக்கமில்லை. டேட்டுக்கோ அது அன்றாட நடைமுறை. யாரும் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெயர் வெளியிடாத அந்த மதிப்பீட்டாளர், பிரின்ஸ்டனில் இருந்த ஹோவர்ட் ராபர்ட்சன். பிறகு அவர் ஐன்ஸ்டைனின் உதவியாளர் லெயோபோல்ட் இன்ஃபெல்டிடம் பேச்சுவாக்கில் பிழையை விளக்கினார். 1937இல் வேறொரு இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தபோது அதன் முடிவு தலைகீழாகியிருந்தது. மதிப்பீட்டாளர் யார் என்பது பல பத்தாண்டுகள் கழித்து இதழின் பழைய பதிவேடுகளைப் பார்த்த பிறகே உறுதியானது.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது ஐன்ஸ்டைனின் கோபம் இல்லை. கடிதத்தில் ஏற்காத அதே கருத்து நேர்ப்பேச்சில் சுலபமாக உள்ளே போனது என்பது. தமிழில் நூலை அரங்கேற்றும் மரபு இருந்தது. அவையில் புலவர்கள் தடை எழுப்புவார்கள், நூலாசிரியர் அங்கேயே விடை சொல்வார். யார் கேட்கிறார், எந்த முகத்தோடு கேட்கிறார் என்பது தெரியும். ஆய்விதழில் தடை சொல்பவரின் முகம் மறைந்துவிட்டது. பகைக்கும் முகதாட்சணியத்துக்கும் இடமில்லாமல் செய்ய அந்த மறைவு தேவைதான். அதனால் இழந்த குரலின் தொனியை எழுத்தில் மீட்டுக் கொடுக்கும் வேலை ஆசிரியருடையது. மதிப்பீட்டாளரின் குறிப்பை அப்படியே ஒட்டி அனுப்பாமல், ‘இரண்டாவது மதிப்பீட்டாளர் சொல்லும் மூன்றாவது குறைதான் முக்கியம், ஐந்தாவதை விட்டுவிடலாம்’ என்று மேலே நான்கு வரி எழுதும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் இன்றும் நன்றி உடையவன்.

மாணவரின் முதுகில் ஏறியிருப்பது

ஆசிரியர்களின் புகார்ப் பட்டியல் நீளமானது: ஒரே ஆய்வை நான்கு துண்டாக்கி நான்கு கட்டுரையாக அனுப்புகிறார்கள், இதழைப் படித்துப் பார்க்காமலே அனுப்புகிறார்கள், ‘சீக்கிரம் ஏற்பு மின்னஞ்சல் தாருங்கள்’ என்று கெஞ்சுகிறார்கள். எல்லாம் உண்மை. ஏன் என்று கேட்டால் இந்தியாவில் பதில் விதிமுறைகளில் இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மதிப்பீட்டு இதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். 2016 விதிமுறை அதோடு இரண்டு கருத்தரங்க வாசிப்புகளையும் கேட்டது. ஆசிரியப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைக்குப் புள்ளி. அறிவு தேட வந்தவரிடம் முதல் நாளிலிருந்து கேட்கப்பட்ட கேள்வி ‘என்ன கண்டுபிடித்தாய்’ என்பதாக இல்லாமல் ‘எத்தனை பேப்பர் போட்டாய்’ என்று ஆனது. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் நின்றார்கள். நல்ல இதழ்களில் இடம் குறைவு, காத்திருப்பு நீளம். அந்த இடைவெளியில் கடை விரித்தவைதான் போலி இதழ்கள்: பணம் கட்டினால் ஒரு வாரத்தில் ஏற்பு, மதிப்பீடு என்பது பெயருக்கு.

மானியக் குழு அங்கீகரித்த பட்டியலிலேயே அவை ஏராளமாக நுழைந்திருந்தன. 2018 மே மாதம் அந்தப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கினார்கள். பிறகு கேர் என்ற புதிய பட்டியல் 2019இல் வந்தது, 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. 2022 விதிமுறை, ஆய்வேட்டுக்கு முன் கட்டாயக் கட்டுரை என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை வைத்திருக்கின்றன, ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸைச் சொல்லி ‘ஸ்கோபஸில் இருக்கிறதா’ என்ற கேள்வி துறை அறைகளில் இன்றும் தினமும் கேட்கிறது.

லண்டனிலோ பாஸ்டனிலோ இருந்து இதழ் நடத்துபவருக்கு இதில் எதுவும் தெரியாது. கெஞ்சும் மின்னஞ்சலைப் பார்த்து அவர் முகம் சுளிப்பார். அதை எழுதியவருக்கு வருகிற ஜூனில் உதவித்தொகை நிற்கப் போகிறது, நெறியாளர் ஓய்வுபெறப் போகிறார், வீட்டில் வேலை எப்போது என்று கேட்கிறார்கள். விதியைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. தரமில்லாத கட்டுரையை இரக்கத்துக்காக ஏற்பது அடுத்த மாணவருக்குச் செய்யும் துரோகம். முடிவு எவ்வளவு காலத்தில் வரும் என்பதை நேர்மையாக முன்கூட்டிச் சொல்வதும், ‘இல்லை’ என்பதை விரைவாகச் சொல்வதும் இரக்கத்தைவிட அதிகம் உதவும். முதல் வாரத்தில் வரும் நிராகரிப்பு எட்டாம் மாதத்தில் வருவதைவிட எவ்வளவோ மேல்.

பணமும் இருக்கிறது. எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற நல்ல நோக்கத்தோடு வந்த திறந்த அணுக்க முறையில், செலவு வாசகர் தலையிலிருந்து ஆய்வாளர் தலைக்கு மாறியது. ‘நேச்சர்’ இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. ஒரு மாநிலப் பல்கலைக்கழக மாணவரின் பல ஆண்டு உதவித்தொகையை விழுங்கும் தொகை. கட்டணம் கேட்பதெல்லாம் போலி என்று ஒரு சாரார் நினைக்கிறார்கள், கட்டணம் கட்டினால் ஏற்பு நிச்சயம் என்று இன்னொரு சாரார் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. கட்டணம் எவ்வளவு, எப்போது, யாருக்கு விலக்கு என்பதைக் கட்டுரை அனுப்பும் முன்பே கண்ணில் படும்படி எழுதிவைக்காத இதழே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். நிராகரிக்கும் சுதந்திரம் இல்லாத இடத்தில் ஏற்புக்கும் மதிப்பில்லை என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளட்டும். ஒரு வாரத்தில் ஏற்பு என்று உறுதி தரும் இதழ் எதையுமே மதிப்பிடவில்லை.

பெயரும் மொழியும்

‘இந்தியா என்றதும் தூக்கிப் போட்டுவிட்டார்கள்’ என்ற சந்தேகத்துக்கு இப்போது வருகிறேன். அதற்கு ஆதாரம் உண்டு. 2022இல் ஒரு சோதனை வெளியானது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் வெர்னன் ஸ்மித்தும் அதிகம் அறியப்படாத இளம் ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையை 500க்கும் மேற்பட்ட மதிப்பீட்டாளர்கள் படித்தார்கள். ஸ்மித்தின் பெயர் மட்டும் காட்டப்பட்டவர்களில் 23 சதவீதத்தினர் நிராகரிக்கச் சொன்னார்கள். பெயரே காட்டாதபோது 48 சதவீதம். இளைஞரின் பெயர் மட்டும் காட்டியபோது 65 சதவீதம். அதே கட்டுரை, அதே வரிகள்.

மொழிக் கதையும் இதே மாதிரிதான். 2023இல் எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் நடந்த ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களின் கட்டுரைகள் மொழியைக் காரணம் காட்டி நிராகரிக்கப்படுவது சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்வது 12 மடங்குக்கும் அதிகம். ‘தாய்மொழியாளர் ஒருவரிடம் காட்டித் திருத்துக’ என்ற வரி என் சொந்தக் கட்டுரைக்கும் வந்திருக்கிறது. எந்த வாக்கியம் புரியவில்லை என்று ஒன்றைக்கூடக் காட்டவில்லை. மொழிப் பிழையையும் ஆய்வுப் பிழையையும் தனித்தனியாகச் சொல்லுங்கள் என்று மதிப்பீட்டாளர்களிடம் கேட்கும் அதிகாரம் ஆசிரியரிடம் இருக்கிறது. நாராயண ஐயங்கார் அந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். சொல்லும் முறை சரியில்லை என்றார், சொன்ன விஷயத்தைக் கைவிடவில்லை.

பதில் எழுதும் கலை

மதிப்பீட்டாளர் சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டும் என்பது நம் ஊர் மாணவர்களிடம் ஆழமாக ஊறிய பயம். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த வளர்ப்பு அது. இன்சுலின் செலுத்தப்பட்ட நோயாளிகளின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்குகிறது என்று ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1955இல் எழுதினார்கள். அன்றைய நம்பிக்கைக்கு அது எதிரானது. மருத்துவ ஆய்விதழின் ஆசிரியர், எதிர்ப்பொருள் என்று உறுதியாகச் சொல்வதை மதிப்பீட்டாளர்கள் ஏற்கவில்லை என்று எழுதினார். இருவரும் தரவுகளை விட்டுக்கொடுக்கவில்லை, தலைப்பிலிருந்து ‘இன்சுலின் எதிர்ப்பொருள்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, ‘இன்சுலினைப் பிணைக்கும் குளோபுலின்’ (குளோபுலின் ஒரு வகைப் புரதம்) என்று வைத்தார்கள். 1956இல் கட்டுரை வந்தது. 1977இல் நோபல் பரிசு பெற்றபோது, அந்த நிராகரிப்புக் கடிதத்தை யாலோ தன் நோபல் உரையிலேயே சேர்த்துக் காட்டினார். எதில் இறங்கிவர வேண்டும், எதில் நிற்க வேண்டும் என்ற இந்தப் பிரிப்புதான் பதில் கடிதத்தின் உயிர்.

நடைமுறையில், ஒவ்வொரு குறையையும் எண்ணிட்டு எடுத்து எழுதி, கீழே என்ன செய்தீர்கள், எந்தப் பக்கம், எந்த வரி என்று காட்டினால் ஆசிரியரின் பாதி வேலை முடிந்தது. ஏற்காத இடத்தில் காரணத்தையும் ஆதாரத்தையும் தந்து, ஏற்கவில்லை என்று எழுதலாம். மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அவர் தவறாகப் புரிந்துகொள்ள இடம் கொடுத்த வாக்கியம் கட்டுரையில் எங்கோ இருக்கிறது, அதையும் திருத்திவிடுவது நல்லது. மதிப்பீடு அநியாயமானது என்று உண்மையாகவே தோன்றினால் ஆசிரியரிடம் மேல்முறையீடு செய்யும் வழி பல இதழ்களில் உண்டு. அது கண்டுகொள்ளப்படாத கதவாகவே இருக்கிறது.

கதவுகள் மெல்லத் திறந்துகொண்டும் இருக்கின்றன. ‘பிஎம்ஜே’ மருத்துவ இதழ் 1999 முதல் மதிப்பீட்டாளர் பெயரை ஆய்வாளருக்குத் தெரிவிக்கிறது. ‘நேச்சர்’ 2025 ஜூன் முதல், புதிதாகச் சமர்ப்பிக்கப்பட்டு வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளோடு மதிப்பீட்டுக் குறிப்புகளையும் பதில்களையும் சேர்த்தே வெளியிடும் என்று அறிவித்தது. நல்ல பதில் கடிதம் எப்படி இருக்கும் என்று சொல்லித்தர ஆள் இல்லாத கல்லூரி மாணவருக்கு இவை இலவசப் பாடநூல்கள். வளரும் நாட்டு ஆய்வாளர்களுக்கு அனுபவசாலிகளை வழிகாட்டிகளாக இணைத்துவைக்கும் ஆத்தர்எய்ட் என்ற திட்டம் 2007 முதல் இயங்கிவருகிறது, அதிலும் கட்டணம் இல்லை.

எனினும் எதிர்ப்பக்கத்தைப் புரிந்துகொள்ள, அங்கே போய் உட்காருவதற்கு ஈடாக எதுவும் இல்லை. சென்னையில் படித்து வளர்ந்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1935 ஜனவரியில் லண்டனில் தன் முடிவுகளைப் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் நையாண்டி செய்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவர். அவரே 1952 முதல் 1971 வரை 19 ஆண்டுகள் ‘ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்’ ஆசிரியராக இருந்தார். எல்லோருக்கும் அந்த நாற்காலி கிடைக்காது. மதிப்பீட்டாளரின் முக்காலி கிடைக்கும். நம் ஆய்வகங்களில் நெறியாளருக்கு வரும் மதிப்பீட்டு அழைப்புகளை மாணவர்கள்தான் படித்து எழுதித் தருகிறார்கள், கடிதம் நெறியாளர் பெயரில் போகிறது. ‘இன்னாருடன் சேர்ந்து மதிப்பிட்டேன்’ என்று குறிப்பிட இப்போது சில இதழ்கள் தனியிடம் தருகின்றன. நெறியாளர்கள் அதை நிரப்ப வேண்டும். இந்தியாவில் மதிப்பீட்டாளர் இல்லை என்று தேடிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அப்படித்தான் ஒரு புதுப் பெயர் கிடைக்கும்.

நான் முதன்முதலில் இன்னொருவரின் கட்டுரையை மதிப்பிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்தாம் பக்கத்தின் ஓரத்தில் ‘தெளிவில்லை’ என்று எழுதினேன். முந்தைய ஆண்டு என் கட்டுரை அந்த ஒரே சொல்லோடு திரும்பி வந்து ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. அதை அழித்துவிட்டு, எந்தச் சமன்பாட்டிலிருந்து எந்தச் சமன்பாட்டுக்கு எப்படிப் போனார் என்பது எனக்குப் பிடிபடவில்லை என்று ஏழு வரி எழுதினேன். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது.